இடது கை போடும் முடிச்சு

டாட்டிங் லேஸ் முழுவதும் ஒரே ஒரு முடிச்சால் ஆனது. கைக்குட்டையின் ஓரமாக இருக்கட்டும், மேசை விரிப்பாக இருக்கட்டும், பொன் நூலில் மணி கோத்துச் செய்த தேவாலயத் துணியாக இருக்கட்டும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த ஒரு முடிச்சுதான் ஆயிரக்கணக்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இதைச் செய்ய, படகு வடிவில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஷட்டிலும் கொஞ்சம் பருத்தி நூலும் போதும். பாபின் லேஸுக்கு வேண்டிய திண்டு, குண்டூசிகள், டஜன் கணக்கான மரக்கட்டைகள் எதுவும் இங்கே கிடையாது. குரோஷாவில் நினைவில் வைக்க வேண்டிய பலவகைப் பின்னல்களும் கிடையாது. இருந்தும், கற்க வருகிறவர்கள் எல்லோரும் முதல் முடிச்சிலேயே தடுக்கி நிற்கிறார்கள். அந்தத் தடை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் டாட்டிங்கின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும் என்று நினைக்கிறேன். புத்தகங்கள் வழியாகப் பரவிய கைவேலை இது. ஆனால் இதன் உயிர்நிலையான அசைவோ எழுத்துக்குள் எளிதில் சிக்காத ஒன்று.

முதலில் அந்த அசைவு. இடது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நூலைக் கிள்ளிப் பிடித்திருக்கின்றன. அங்கிருந்து நூல் மற்ற விரல்களைச் சுற்றி ஒரு பெரிய வளையமாக வந்து, மீண்டும் அதே பிடிக்குள் சேர்கிறது. வலது கையில் ஷட்டில். அது இடக்கை நூலுக்கு அடியில் நுழைந்து மேலாகத் திரும்பி வருகிறது. இப்போது வலக்கை நூல் இடக்கை நூலைச் சுற்றி நிற்கிறது. முடிச்சு விழுந்துவிட்டது என்று தோன்றும். இறுக்கிவிடக் கை துடிக்கும். ஆனால் இறுக்குமுன் ஒன்று நடக்க வேண்டும். இடது கையின் நடுவிரலைத் தாழ்த்தி வளையத்தைத் தளரவிட வேண்டும். அதே வேளையில் வலக்கை நூலை விறைப்பாக இழுத்து நேராக்க வேண்டும். அப்போது சுற்று ஒரு நூலிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. ஒரு நொடிக்கு முன் வலக்கை நூல் இடக்கை நூலைச் சுற்றியிருந்தது. இப்போது இடக்கை நூல் வலக்கை நூலைச் சுற்றிக்கொண்டுவிட்டது. பிறகு நடுவிரலை உயர்த்தினால், அந்தச் சுற்று நேரான நூலின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து பெருவிரல் பிடிக்குப் பக்கத்தில் உட்காரும். இது அரை முடிச்சு. அடுத்த அரையில் ஷட்டில் மேலாகப் போய் அடியில் திரும்புகிறது, தாவல் அதேதான். இரண்டு அரைகளும் சேர்ந்தால் ஒரு முழு முடிச்சு.

ஓடியாடி உழைப்பது வலது கை. பார்ப்பவர் கண்ணும் ஷட்டிலின் பின்னாலேயே போகும். ஆனால் முடிந்த லேஸில் நாம் காணும் ஒவ்வொரு முடிச்சும் இடக்கை நூலால் ஆனது. வலக்கை நூல் வெளியே தெரியாமல் எல்லா முடிச்சுகளுக்கும் உள்ளே நேராக ஓடுகிறது. அது நேராக ஓடினால்தான் கடைசியில் ஷட்டிலை இழுக்கும்போது முடிச்சு வரிசை சுருண்டு வளையமாக மூடும். ஒரே ஓர் அரை முடிச்சு தாவாமல் நின்றுவிட்டாலும் உள்நூல் அந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் வளையம் மூடாது, நூல்தான் அறும்.

இதன் பின்னே இருக்கும் இயற்பியல் எளிமையானது. இரண்டு நூல்கள் இப்படி ஒன்றையொன்று சுற்றி நிற்கும்போது எது நேர், எது வளைவு என்பதை ஷட்டில் போன வழி தீர்மானிப்பதில்லை. எந்த நூலில் இழுப்பு அதிகமோ அது நேராகிறது. தளர்ந்தது அதைச் சுற்றிக்கொள்கிறது. ஷட்டில் துல்லியமாகச் சரியான வழியில் போயிருந்தும் முடிச்சு தவறாக விழுவதற்குக் காரணம் இதுதான். மல்லிகை தொடுப்பவர்கள் விரலில் திரித்துக் காம்பில் மாட்டும் சுற்றும் ஓர் அரை முடிச்சுதான். அங்கே அது காம்பைக் கவ்வி அசையாமல் நிற்க வேண்டும். டாட்டிங் முடிச்சு இறுகிய பிறகும் உள்நூலின் மேல் நகரக்கூடியதாக இருக்க வேண்டும். இறுக்கமும் நகர்வும் ஒரே முடிச்சில் கூடிவருவதே இந்தக் கலையின் அடிப்படை.

மீதியெல்லாம் இந்த முடிச்சின் ஏற்பாடுகள். இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே கொஞ்சம் நூலை வெறுமையாக விட்டு, பிறகு நெருக்கித் தள்ளினால் அந்த இடைவெளி ஒரு சிறு கண்ணியாக எழும்பி நிற்கும். அதற்குப் பிகோ என்று பெயர். பார்வைக்கு அலங்காரம், ஆனால் அடுத்த வளையத்தை இந்த வளையத்தோடு இணைப்பதும் அந்தப் பிகோதான். 5-5-5-5 என்று எழுதியிருந்தால் ஐந்து முடிச்சு, பிகோ, ஐந்து, பிகோ, ஐந்து, பிகோ, ஐந்து, மூடு என்று பொருள். இருபது முழு முடிச்சு, அதாவது நாற்பது அரை, நாற்பது தாவல். அப்படி அறுபது வளையங்கள் கொண்ட ஒரு சிறிய ஓரத்துக்கு 2,400 தாவல்கள். இத்தனை முறை நடக்கும் ஒன்றை ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்ய முடியாது. விரலே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முடிச்சு எப்போது பிறந்தது? பழைய எகிப்து வரை அதைக் கொண்டுபோகிறவர்கள் உண்டு; மாலுமிகளின் கயிற்று முடிச்சுகளோடு சேர்க்கிறவர்களும் உண்டு. முடிச்சு பழையதாக இருக்கலாம். அதைக்கொண்டு லேஸ் செய்வது பழையது என்று அதனால் ஆகிவிடாது. எல்ஜீவா நிக்கல்ஸ் 1962இல் வெளியிட்ட டாட்டிங் வரலாற்றுப் புத்தகம் இந்தத் துறையில் இன்றும் முதலில் புரட்ட வேண்டிய ஒன்று. 18ஆம் நூற்றாண்டுச் சீமாட்டிகள் ஷட்டிலால் செய்த வேலையும் பின்னால் வந்த டாட்டிங்கும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டால்தான் வரலாறு நேராகும்.

அந்தப் பழைய வேலையை ஓவியங்களில் பார்க்கலாம். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மகள் அதெலாயிதை நாத்தியே 1756இல் வரைந்த ஓவியம் வெர்சாயில் இருக்கிறது. ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1760 வாக்கில் வரைந்த அல்பமார்ல் சீமாட்டி ஆன் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறார். இருவர் கையிலும் ஷட்டில். அதற்கும் முன்பே, இங்கிலாந்தை 1689 முதல் 1694 வரை ஆண்ட இரண்டாம் மேரி இந்த முடிச்சு வேலையில் காட்டிய ஈடுபாட்டைச் சார்ல்ஸ் செட்லி கவிதையாகவே எழுதினார். ஆனால் இவர்கள் செய்தது லேஸ் அல்ல. தடித்த நூலில் இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டுக்கொண்டே போவார்கள். கிடைப்பது மணிமணியாகப் புடைத்த ஒரு நீண்ட நூல். அதைத் துணிமேல் கோலம்போல வளைத்து வைத்துத் தைப்பார்கள். மேரி டெலேனி அப்படி அலங்கரித்த வெள்ளைப் படுக்கை விரிப்பு பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து ஷட்டில்கள் பெரியவை. தடித்த நூல் போய்வர முனைகளில் இடைவெளி இருக்கும். டாட்டிங் ஷட்டிலின் இரு தகடுகளும் முனையில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், நூல் தானாக அவிழாமல் இருக்க. தந்தம், ஆமையோடு, வெள்ளி என்று அந்தப் பெரிய ஷட்டில்களை இழைத்துச் செய்தார்கள். கையில் அது இருந்தால் விரல்களின் அழகு தெரியும் என்பதும் ஒரு காரணம். ஓவியத்தில் கையோடு சேர்த்து வரையச் சொன்னதும் அதனால்தான் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

டாட்டிங் என்ற பெயரோடு செய்முறைக் குறிப்புகள் அச்சில் வருவது 1840களில். தொடக்கக்கால வேலை மிக எளிது. ஒற்றை நூல், வரிசையாக வளையங்கள், நடுவே வெறும் நூல், அவ்வளவுதான். வளையங்களை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டுமானால் பிறகு ஊசி எடுத்துத் தைத்துக் கட்டினார்கள். லண்டனில் பின்னல் புத்தகங்கள் எழுதிப் புகழ்பெற்ற எலியனோர் ரியேகோ த லா பிராஞ்சார்தியேர் 1850இல் தன் முதல் டாட்டிங் புத்தகத்தை வெளியிட்டார். 1860களின் கடைசி வரை தொடர்ந்து எழுதினார். அவருடைய முதல் புத்தகத்துக்கு அடுத்த ஆண்டே, எழுதியவர் பெயரில்லாமல் ஒரு சிறு கையேடு வந்தது. ஷட்டிலைக்கொண்டே இணைப்பது எப்படி என்று தலைப்பிலேயே அறிவித்த கையேடு அது. முன்பு செய்த வளையத்தின் பிகோ வழியாக நூலை இழுத்து, அந்தக் கண்ணிக்குள் ஷட்டிலை விட்டு, மேலே தொடர்வதுதான் அது சொன்ன வழி. இன்றைக்கு எந்தக் கற்பவரும் இரண்டாம் பாடத்தில் படிக்கிற இணைப்பு அதுதான். பெயர் போடாத அந்த எழுத்தாளரை நான் மிகவும் மதிக்கிறேன். ஓரத்துக்கு மட்டும் உதவிய ஒரு வேலை, எந்த வடிவத்துக்கும் விரியக்கூடிய லேஸாக மாறியது இந்த ஓர் இணைப்பால்தான்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இன்னொரு படியும் ஏறியது. ஷட்டில் நூலோடு உருண்டையிலிருந்து வரும் இரண்டாவது நூலையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாவது நூல் இடது விரல்களின் மேல் வளையமாக மூடாமல் கிடக்க, அதன்மேல் முடிச்சுகள் வரிசையாக விழுந்து வில்போன்ற வளைவு உண்டாயிற்று. வளையங்களுக்கு நடுவே இருந்த வெறும் நூல் மறைந்தது. வளையம், வளைவு, பிகோ, இணைப்பு: 1870க்குள் டாட்டிங்கின் எழுத்துகள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. நூற்றாண்டுகளாக வளர்ந்த பாபின் லேஸோடு ஒப்பிட்டால் இது வியக்கத்தக்க வேகம்.

இந்த வேகத்துக்கு நூல் ஒரு காரணம். வளையத்தை மூடும்போது உள்நூல் எல்லா முடிச்சுகளின் உராய்வையும் தாங்கி ஓட வேண்டும். தளர்வாக முறுக்கிய நூல் அங்கே பிரிந்து அறுந்துவிடும். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் கிளார்க் குடும்பத்தார், நெப்போலியன் போர்க்காலத்தில் பட்டு கிடைக்காமல் போனபோது, வழுவழுப்பும் உறுதியும் உள்ள பருத்தி நூலைச் செய்யத் தொடங்கினார்கள். பட்டுக்கு மாற்றாக வந்த அந்த நூல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருந்த காலத்தில்தான் டாட்டிங் வளர்ந்தது. ஜான் மெர்சர் 1850இல் காப்புரிமை பெற்ற காரக்குளியல் முறையில் 1890 வாக்கில் ஹொரேஸ் லோ ஒரு திருத்தம் செய்தார்: நூலை இழுத்துப் பிடித்தபடியே காரத்தில் நனைப்பது. பருத்தி பளபளத்தது, இன்னும் உறுதியாயிற்று. இன்றைய டாட்டிங் நூல்கள் அநேகமாக அந்த வழியில் வந்தவை.

இன்னொரு காரணம் சந்தை. ஜான் ஹீத்கோட் 1808, 1809 ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற வலைநெசவு எந்திரம் கையால் லேஸ் செய்வோரின் பிழைப்பைக் குலைத்தது. டாட்டிங் பிறக்கும்போதே எந்திரம் வந்துவிட்டிருந்தது. ஆகவே அது எந்திரத்தோடு விலையில் போட்டியிடும் நிலையிலேயே பிறக்கவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் தனித்தனியே தாவவிட வேண்டிய வேலைக்கு யாரும் நியாயமான கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. அயர்லாந்தில் 1840களின் பெரும்பஞ்சத்துக்குப் பின், லவுத் மாவட்டத்தின் ஆர்டி ஊரில் டாட்டிங் கூலி வேலையாக நடந்தது உண்மை. ஆனாலும் அயர்லாந்தைக் காப்பாற்றிய லேஸ் என்று பேர் வாங்கியது குரோஷாதான். அது விரைவாக ஆகும்.

இங்கே நம் பக்கத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்குக் கற்பித்தது பாபின் லேஸ். அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் லேஸ் விற்ற பணத்தைக்கொண்டு தங்கள் விடுதலையை வாங்கினார்கள். கோதாவரிக் கழிமுகத்தின் நரசாபுரத்தில் வேரூன்றியது குரோஷா. அதைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதிய ஆய்வு ஒரு கசப்பான உண்மையைக் காட்டுகிறது: நாள் முழுதும் உலகச் சந்தைக்காகப் பின்னிய பெண்களை, ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் இல்லத்தரசிகள் என்று வகைப்படுத்தியதால்தான் அவ்வளவு குறைந்த கூலி சாத்தியமாயிற்று. லேஸைப் பற்றி எழுதும்போது பொழுதுபோக்கு என்ற சொல்லை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். டாட்டிங் பெரும்பாலும் உண்மையிலேயே பொழுதுபோக்காக இருக்க முடிந்தது, அதைச் செய்தவர்களில் பலர் அதை விற்றுச் சாப்பிட வேண்டியிராததால். துருக்கியில் தலைத்துணியின் ஓரத்துக்கு ஷட்டிலால் செய்யும் பின்னல் ஒரு தனி மரபாக இருக்கிறது. அங்கே அது வீட்டுக்குள் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமோ பெரும்பங்கு புத்தகத்துக்கு. பட்டறையும் தொழிலாளர் குடியிருப்பும் இல்லாத கைவேலைக்கு ஆசிரியராக அச்சுத்தான் வர முடிந்தது.

அந்த ஆசிரியர்களில் நான் முதலிடம் தருவது தெரேஸ் த தில்மோனுக்கு. ஆஸ்திரியாவில் 1846இல் பிறந்த அவர், அல்சாஸின் முலூஸ் நகரத்து நூல் நிறுவனமான டிஎம்சியோடு சேர்ந்து 1886இல் பெண்களின் கைவேலைக் களஞ்சியத்தை வெளியிட்டார். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகம் சுற்றிய புத்தகம். நூல் விற்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அது அதன் தரத்தைக் குறைக்கவில்லை. டாட்டிங் அத்தியாயத்தில் அவர் கையின் படங்களை ஒவ்வொரு நிலையாக அடுக்குகிறார். ஷட்டில் கண்ணியைக் கடந்ததும் வலது கை நூலை விறைப்பாக நீட்டிப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும், இடது கை விரல்கள் உயர்ந்து முடிச்சை உருவாக்க வேண்டும், முடிச்சு இடது கை நூலாலேயே ஆக வேண்டும் என்று அவர் வற்புறுத்துகிறார். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அசையக்கூடாது என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு என்பேன். ஷட்டிலின் வழியைச் சொல்வது எளிது. எந்தக் கை எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு, தன் கையைத் தானே வெளியிலிருந்து பார்க்கத் தெரிய வேண்டும். தில்மோனுக்கு அது தெரிந்திருந்தது.

அவர் 1890இல் இறந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1910இல், லண்டனில் ஹோர் சீமாட்டி கேதரின் ஒரு டாட்டிங் புத்தகம் வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் ருமேனிய அரசி எலிசபெத். கார்மென் சில்வா என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர். அரசியே தேர்ந்த கைவேலைக்காரர். தேவாலயங்களுக்காக அவர் செய்த துணிகளில் பட்டு நூலும் பொன் நூலும் வருகின்றன, மணிகள் பதிகின்றன. பொன் நூலில் டாட்டிங் செய்வது விளையாட்டல்ல. உலோக நூல் தாவ மறுக்கும். அதன் விறைப்பு இழுப்பை விரலுக்குத் தெரியவிடாது. அவருடைய அரச நிலையைவிட, அந்த நூலை அவர் விரல்கள் பணியவைத்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கைக்குட்டை ஓரத்தோடு நின்றுவிடும் என்று எண்ணப்பட்ட ஒரு வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்தப் புத்தகத்தின் படங்கள் காட்டுகின்றன.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதி மலிவான கையேடுகளின் காலம். கோட்ஸ், கிளார்க் போன்ற நூல் நிறுவனங்கள் அமெரிக்காவில் அவற்றை ஏராளமாக அச்சிட்டன. நாஷ்வில் நகரத்து ஆன் ஓர் அந்தக் காலத்தின் பெரிய வடிவமைப்பாளர்களில் ஒருவர். செய்முறைகள் சுருக்கெழுத்துகளால் நிரம்பின. ஒரு விரிப்பின் செய்முறை பார்ப்பதற்கு இயற்கணிதம்போல் இருக்கும். எந்த வளையத்தின் எந்தப் பிகோவோடு சேர்க்க வேண்டும் என்பதை வாக்கியத்தில் சொல்லப்போனால் வாக்கியம் முடிச்சாகிவிடும். இதற்கு விடை படத்தில் இருந்தது. மேரி கோனியர் 1992இல் வெளியிட்ட புத்தகம் செய்முறையை வரைபடமாகவே தருகிறது: லேஸின் கோட்டுருவம், ஒவ்வொரு துண்டிலும் முடிச்சின் எண்ணிக்கை. அதைப் படிக்க மொழியே தேவையில்லை. ஜப்பானியப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மதுரையில் ஒருவர் செய்யலாம். எண்களைக் கூட்டிப் பார்த்து, இந்த வளைவு ஏன் இப்படித் திரும்புகிறது என்று யோசிக்கலாம். ஓர் எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று சோதிக்கலாம். செய்பவர் வடிவமைப்பாளராக மாறும் வாசல் அந்த வரைபடம் என்பது என் துணிபு.

ஆனால் வரைபடம் எதைச் சேர்ப்பது என்று சொல்லும். முடிச்சைத் தாவவைக்கச் சொல்லித் தராது. காணொளியும் அப்படியே. ஷட்டில் போகும் வழி அதில் தெளிவாகத் தெரியும். இழுப்பும் தளர்வும் கண்ணுக்குத் தெரியாதவை. நடுவிரல் சற்றே தாழ்வது படத்தில் இருக்கும். ஆனால் அதுதான் முக்கியம் என்று பார்ப்பவருக்கு யார் சொல்வது? அனுபவசாலிகளின் கையில் அந்த அசைவு இன்னும் சிறியது. பழகப் பழக அது கண்ணுக்கே மறைந்துபோகிறது. தேர்ந்தவர் செய்வதைப் பார்த்துக் கற்பது டாட்டிங்கில் கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கற்பவர் படும் பாட்டிலிருந்து பிறந்ததுபோல் தோன்றும் ஒரு நுட்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வழக்கமான வளையத்தில் தொடங்கிய இடத்திலேயே முடிவும் வரும். நூல் அங்கிருந்துதான் வெளியேறும். ஆகவே ஒரு வட்டச் சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குப் போக நூலை வெட்டி, முனைகளை மறைத்து, புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. பிளவு வளையம் இதைத் தீர்த்தது. வளையத்தின் ஒரு பாதியை வழக்கம்போல முதல் ஷட்டிலால் செய்கிறார்கள். பிறகு கையில் இருக்கும் வளையத்தைத் திருப்பி, தொடங்கிய இடத்திலிருந்து மறுபக்கமாக இரண்டாவது ஷட்டிலால் முடிச்சுகள் போடுகிறார்கள். இந்தப் பாதியில் முடிச்சைத் தாவவிடக் கூடாது. இரண்டாவது ஷட்டிலின் நூல் வளையத்தின் மேல் சுற்றியபடியே நிற்க வேண்டும். முதல் ஷட்டிலை இழுத்ததும் இரண்டு பாதிகளும் எதிர்முனையில் சந்தித்து மூடுகின்றன. இரண்டு நூல்களும் தொடங்கிய இடத்துக்கு நேர் எதிரே வெளிவருகின்றன. நூலை வெட்டாமல் அடுத்த சுற்றுக்கு ஏறிவிடலாம். முதல் வாரத்தில் தவறு என்று பிரித்துப்போட்ட தாவாத முடிச்சு, இங்கே வேண்டுமென்றே போடப்படுகிறது. முடிந்த லேஸில் எந்தப் பாதி தாவியது, எந்தப் பாதி தாவாதது என்று முன்பக்கம் பார்த்துச் சொல்ல முடியாது; இரண்டிலும் ஒரே முடிச்சுத்தான். எந்த நூல் எதைச் சுமக்கிறது என்பதில் மட்டுமே வேறுபாடு. தாவலை முழுக்க அறிந்தவருக்குத்தான் தாவாமல் இருப்பதும் ஒரு கருவியாகிறது.

இந்த வேலையில் கிடைக்கும் இன்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் வளையம் மூடும் கணத்தைச் சொல்வேன். அதுவரை விரல்களுக்கிடையே ஒழுங்கில்லாத ஒரு வரிசை இருக்கும். ஷட்டிலை மெல்ல இழுக்க இழுக்க முடிச்சுகள் ஒன்றையொன்று நெருங்கி, பிகோக்கள் வெளிப்பக்கம் விரிந்து, வட்டம் பிறக்கும். அந்த ஓர் இழுப்பில், போட்ட அத்தனை முடிச்சுகளும் சரியா என்பதற்கு விடை கிடைத்துவிடும். டாட்டிங்கைப் பிரிப்பது கடினம். மூடிய வளையத்தைத் திறக்க ஊசிமுனையால் முடிச்சுமுடிச்சாக நெகிழ்த்த வேண்டும். அதனால் செய்பவர் இயல்பாகவே கவனத்தோடு இருக்கப் பழகுகிறார். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது இன்னொரு சுகம். பேருந்து வந்துவிட்டால் பாதி முடிச்சோடு ஷட்டிலைப் பைக்குள் போடலாம். குரோஷாபோல் கண்ணி நழுவி அவிழ்ந்துகொண்டே போகாது.

தாவலைத் தவிர்க்க ஒரு மாற்று வழியும் உண்டு. நீண்ட ஊசியின் மேல் முடிச்சுகளை ஏற்றி, பிறகு நூலை ஊசியோடு உள்ளே இழுத்துவிடும் முறை அது. முடிச்சை ஊசியின் மேலேயே சுற்றுவதால் தாவவைக்க வேண்டியதில்லை, கற்க எளிது. விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் ஊசியின் தடிமனால் முடிச்சு சற்றுத் தளர்வாகவே வரும். மெல்லிய நூலில் இறுக்கமான லேஸ் வேண்டுவோர் ஷட்டிலுக்கே வருகிறார்கள்.

தமிழில் யாராவது டாட்டிங் பாடம் எழுதினால், ஷட்டில் போகும் வழியிலிருந்து தொடங்காமல் இடது நடுவிரலிலிருந்து தொடங்கட்டும். லேஸ் நூல்களில் எண் கூடக்கூட நூல் மெலியும். முதல் பாடத்துக்கு 10ஆம் எண் நூல் போதும், 80ஐத் தொட வேண்டாம். ஷட்டிலில் ஒரு நிறமும் இடது கையில் வேறு நிறமுமாக இரண்டு நூல்களை முனையில் சேர்த்து முடிந்துகொள்ளட்டும். வளையமாக மூட வேண்டியதில்லை. வெறும் வளைவாக, பிகோவும் இல்லாமல் முடிச்சுகளை மட்டும் போடட்டும். இடக்கை நூல் சிவப்பு என்றால், முடிச்சுகள் எல்லாம் சிவப்பாகத் தெரிய வேண்டும். நடுவே ஷட்டில் நூலின் வெள்ளைச் சுற்று ஒன்று தென்பட்டால் அந்த இடத்தில் சுற்று தாவவில்லை. ஒவ்வோர் அரை முடிச்சுக்கும் பிறகு ஷட்டில் நூலைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கட்டும். முடிச்சுக்குள் அது தாராளமாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் உடனே அந்த ஒன்றை மட்டும் நெகிழ்த்திவிடலாம். சிவப்பு வரிசை ஒரு விரல் நீளம் இடைவெளியில்லாமல் வந்த பிறகு இரண்டு நிறத்தை விட்டு ஒரே நூலுக்கு மாறி, 5-5-5-5 வளையத்தைத் தொடங்கலாம்.